பள்ளியைப் பூட்டியதும் நீங்கள், பிள்ளை எங்கே என்று கேட்பதும் நீங்கள்

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை கிராம அலுவலர் எங்கள் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, இறங்காமலே ஒரு படிவத்தை நீட்டினார். "அக்கா, என்னோட கோவிக்காதேங்கோ, மேல இருந்து வந்தது" என்றார். உங்கள் அலுவலக முத்திரை குத்தியிருந்தது. 5 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட என் பிள்ளைகள் பாடசாலைக்கு ஒழுங்காகச் சமுகமளிக்காத காரணத்தை 14 நாட்களுக்குள் எழுத்தில் அறியத்தர வேண்டும், தவறினால் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. காரணம் எழுதுவதற்கு இரண்டு வரி இடம் விட்டிருந்தீர்கள்.

இரண்டு வரி காணாது. தபாலில் ஏற்கனவே மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் "கிடைக்கப்பெற்றது" என்று பதில் வந்தது. இந்த முறை ஊரும் சேர்ந்து வாசிக்கட்டும்.

காரணம் இதுதான். எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலையைப் போன ஆண்டின் கடைசித் தவணையோடு மூடினீர்கள். "மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ளமையால் தற்காலிகமாக மூடப்பட்டு அயற் பாடசாலையுடன் இணைக்கப்படுகிறது" என்பது நீங்கள் அனுப்பிய வசனம். அந்த அயற் பாடசாலை ஏ9 வீதிக் கரையில் இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஏழு கிலோமீற்றர். அதில் மூன்று கிலோமீற்றருக்கு இரண்டு பக்கமும் காடு. வீடில்லை, கடையில்லை, போனுக்குக் கவரேஜும் இல்லை. காலபோக வெள்ளாமை முற்றத் தொடங்கினால் அந்த வீதியை எங்களைவிட யானைதான் கூடப் பாவிக்கும். மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். ஆறு வயதுப் பிள்ளையை அந்த வீதியால் யார் கூட்டிக்கொண்டு போவது, யார் கூட்டிக்கொண்டு வருவது என்று இணைப்புக் கூட்டத்தில் கேட்டேன். பஸ் வரும் என்றார் உங்கள் அதிகாரி.

பஸ் வந்தது. பதினொரு நாள் வந்தது. கலண்டரில் ஒவ்வொரு நாளும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பிறகு பஸ் பழுது என்றார்கள், பிறகு சாரதி இல்லை என்றார்கள், கடைசியில் வீதி சரியில்லை என்றார்கள். இதில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஆடைத் தொழிற்சாலையின் பஸ் ஒவ்வொரு நாளும் விடிய ஐந்து மணிக்கு எங்கள் ஊருக்குள் வந்து, பிள்ளையார் கோயிலடியில் திருப்பி, தாய்மாரை ஏற்றிக்கொண்டு போகிறது. பெரிய பஸ். அதுவும் இதே வீதியால்தான் வருகிறது.

ஓட்டோவில் விடலாமே என்பீர்கள். ஓட்டோக்காரத் தம்பி ஒரு பிள்ளைக்கு மாதம் 8,000 ரூபாய் கேட்கிறார். அவரில் பிழையில்லை, அந்த வீதியில் ரயர் எத்தனை மாதம் நிற்கும்? மூன்று பிள்ளைக்கு 24,000. என் கணவர் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல் செய்கிறவர், வயல் இல்லாத மாதங்களில் மேசனுக்குக் கையாளாகப் போகிறவர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆகவே பிள்ளைகள் என் வீட்டு விறாந்தையில் இருக்கிறார்கள். பெயர் அங்கே இடாப்பில், பிள்ளை இங்கே பாயில்.

யார் யார் என்று சொல்கிறேன். என் பிள்ளைகள் நாலு பேர். மூத்தவன் தரம் 9. அவன் சைக்கிளில் போகிறான், இன்னும் மூன்று பெடியளோடு சேர்ந்து, விடிய ஐந்தே முக்காலுக்கு. யானை நிற்கிறது என்று செய்தி வந்தாலோ தாம்போதி பாய்ந்தாலோ போவதில்லை. இந்த ஆண்டு முதலாந் தவணையில் மட்டும் 19 நாள் வீட்டில் நின்றான். அடுத்தவள் தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிற ஆண்டு. அடுத்தவன் தரம் 3. கடைக்குட்டி தரம் 1. இவர்களோடு மச்சாளின் பிள்ளைகள் இரண்டு பேர், தரம் 4 படிக்கிற மருமகளும் தரம் 2 படிக்கிற மருமகனும். மச்சாள் அந்த ஐந்து மணி பஸ்ஸில் போனால் பொழுது படத்தான் வருவாள். அவளுடைய மூன்று வயதுக் கடைசியும் என்னோடுதான். மொத்தம் ஏழு பேர், ஏழு வயது.

கனடாவில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நல்லதுதானேடி, இஞ்ச கன பேர் ஹோம் ஸ்கூலிங் செய்யினம்" என்றா. அங்கே, ஒன்ராறியோவில், பெற்றோர் கல்விச் சபைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு வீட்டில் படிப்பிக்கலாமாம். அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, வேண்டாம் என்று யோசித்து முடிவெடுத்தவர்கள். நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. முடிவு உங்கள் மேசையில் எடுக்கப்பட்டது, வேலை என் விறாந்தைக்கு வந்தது.

அந்த வேலை என்னவென்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு காலைப்பொழுதில் ஒரு மணித்தியாலத்தை மட்டும் எழுதிக் காட்டுகிறேன்.

வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. மகளுக்குப் பழைய வினாத்தாளில் ஒரு கணக்கு. ஒரு மூடை நெல்லில் எட்டில் மூன்று பங்கை விதைநெல்லுக்கு எடுத்த பிறகு 40 கிலோ மிச்சம், மூடையில் முதலில் எவ்வளவு இருந்தது? அவள் 55 என்று எழுதியிருந்தாள். 40இல் எட்டில் மூன்று 15, அதைக் கூட்டிவிட்டாள். பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். 40 கிலோ என்பது எட்டில் ஐந்து பங்கு என்று அவளே கண்டுபிடிக்கவேண்டும். அதற்கு ஒரு ரொட்டியை எட்டாக வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருந்தால் போதும். ரொட்டியை எடுக்க எழும்பினேன். கடைக்குட்டி "அம்மா, 'ற' இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?" என்று சிலேற்றைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குக் கையைப் பிடித்து இரண்டு தரம் எழுதிக் காட்டினேன். தரம் 3காரன் ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனான். அதைத் திருத்த, தரம் 2காரன் தன் வாசிப்பை விட்டுவிட்டு இவனோடு சண்டைக்குப் போனான், அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, சண்டை மட்டும் தெரியும். அதற்குள் சின்னவள் எண்ணுவதற்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் ஒன்றை மூக்குக்குள் விடப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டு, கொட்டை முழுவதையும் பேணிக்குள் போட்டு மூடினேன். கோழி அடுப்படிக்குள் போய்விட்டது. திரும்பி வந்து மகளைப் பார்த்தால் 55ஐ அழித்துவிட்டு 64 என்று எழுதியிருந்தாள். சரியான விடை. "எப்பிடி வந்தது?" என்றேன்.

"பின்பக்கத்தில விடை கிடக்கம்மா" என்றாள்.

ரொட்டியை வெட்டாமலே அந்தக் காலை போனது.

இந்த ஒரு மணித்தியாலத்தில் நான் யாரைப் பற்றி எழுதவில்லை என்று கவனித்தீர்களா? தரம் 4 மருமகளை. அவள் சத்தம் போடமாட்டாள். கொடுத்ததைச் செய்து முடித்துவிட்டு, கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, நான் எப்போது தன் பக்கம் திரும்புவேன் என்று பார்த்தபடி இருப்பாள். குழப்படிக்காரனுக்கும் பரீட்சைக்காரிக்கும் நேரம் போய்விடும். அடக்கமான பிள்ளைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. இரவில் படுக்கும்போது என்னைக் குடைவது அவளுடைய முகம்தான். தாய்க்காரி தொழிற்சாலையில் தையல் மெசினில் இருந்துகொண்டு, அண்ணி பார்த்துக்கொள்ளுவா என்று நம்பியிருக்கிறாள்.

இன்னொன்று. ரீச்சரும் அம்மாவும் ஒரே ஆளாக இருப்பது பிள்ளைக்கும் சரிவராது, எனக்கும் சரிவராது. தரம் 3காரன் ரீச்சருக்கு முன்னால் "வயித்துக்குத்து" என்று சொல்லத் துணியமாட்டான். என்னிடம் ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்குச் சொல்கிறான், கணக்கு முடிந்ததும் குத்து நின்றுவிடுகிறது. மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் கொண்டை போட்டிருந்தால் ரீச்சர், பின்னல் என்றால் அம்மா. கொண்டை போட்டிருக்கும்போது என்னை "ரீச்சர்" என்றுதான் கூப்பிடவேண்டும் என்று மற்றவர்களுக்கும் சட்டம் போட்டாள். மூன்று கிழமை நடந்தது. ஒரு நாள் கடைக்குட்டி விழுந்து முழங்கால் உரஞ்சி, என் கொண்டையைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே "ரீச்சர்" என்று ஓடிவந்தான். அன்றைக்கே கொண்டையை அவிழ்த்துவிட்டேன்.

எல்லாம் தோல்வி என்று நான் சொல்லவில்லை. சரிவருகிற நாளும் உண்டு, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் என் கோரிக்கை அதில்தான் நிற்கிறது.

ஒரு நாள் எல்லோரையும் குளக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். பாடம் குளம். கடைக்குட்டி அங்கே கண்டதன் பெயரெல்லாம் சொல்லவேண்டும்: கொக்கு, நாரை, விரால், தாமரை. தரம் 2காரன் அந்தப் பெயர்களை எழுதவேண்டும். தரம் 3உம் 4உம் கட்டின் நீளத்தை அடியால் அளந்து மீற்றருக்கு மாற்றவேண்டும்; மருமகள் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள், ஏனென்றால் அளவை அவள்தான் கொண்டு நடத்தினாள். மகளுக்கு, துருசால் போகிற தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்ற கணக்கு. மூத்தவன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. அவனுக்கு வேலை, கனகராயன் ஆறு எங்கே தொடங்கி இரணைமடுவுக்குள் எப்படி வருகிறது, இரணைமடு நிறைந்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று மணலில் படம் கீறி மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவது. இரண்டு மணித்தியாலம் ஒருவரும் தண்ணிவிடாய் என்று சொல்லவில்லை. பக்கத்தில் பாலைமரம் நிறையப் பழம், அதற்குள் ஏறவும் இல்லை. வன்னியில் வைகாசி, ஆனி மாதத்தில் பாலைப்பழத்தை வெல்வது எந்த ரீச்சருக்கும் லேசில்லை.

இது என் மூளையில் உதித்ததல்ல. நீங்கள் மூடிய பாடசாலையில் கடைசியாக இருந்த மாஸ்டரிடம் பார்த்துப் படித்தது. ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு அவர் இப்படித்தான் நடத்தினார். ஒரே தலைப்பு, வகுப்புக்கு ஒரு வேலை, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். பல்தர வகுப்புக் கற்பித்தல் என்று இதற்குப் பெயர் என்று அவர்தான் சொன்னார். ஆரம்பக் கல்வியை நீங்களே மூன்று முதன்மை நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள்: தரம் 1உம் 2உம் ஒன்று, 3உம் 4உம் ஒன்று, 5 தனி. அப்படிப் பார்த்தால் என் பாயில் இருக்கிற ஐந்து பேரும் மூன்று கூட்டம்தான். பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியருக்கு இது முடியும், இரண்டு பேர் என்றால் நன்றாகவே முடியும். எனக்கு முடியாதது அந்தப் பயிற்சி இல்லாததால், அடுப்பும் கோழியும் வயலும் இடையில் வருவதால், ஆங்கிலமும் சிங்களமும் எனக்கே வராததால். உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தவள் நான். மூத்தவனின் தரம் 9 கணிதத்தை இரவில் அவன் படுத்த பிறகு நான் படித்து, விடிய அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சில நாள் அவன்தான் எனக்குச் சொல்லித் தருகிறான்.

எண்ணிக்கை குறைவு என்கிறீர்கள். எப்படிக் குறைந்தது என்று யாராவது கேட்டீர்களா? 2019இல் அந்தப் பாடசாலையில் 31 பிள்ளைகள், அதிபரோடு நாலு பேர் கற்பித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாட்டில் எல்லாப் பாடசாலையும் மூடியது. பிறகு திறப்பதும் மூடுவதுமாக இரண்டு ஆண்டு போனது. எங்கள் பிள்ளைகள் ஒரு போனைச் சுற்றி மூன்று பேர், கவரேஜ் கிடைக்கிற குளக்கட்டில் ஏறியிருந்து, வாட்ஸ்அப்பில் வந்த தாளைப் பார்த்து எழுதினார்கள். மூத்தவன் தரம் 4உம் 5உம் அப்படிப் படித்தவன். இன்றைக்கும் பின்னம் என்றால் அவனுக்குக் கை நடுங்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு. வெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு ஆசிரியர்களும் வரமுடியாமல், இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு ஒருவரையும் நீங்கள் அனுப்பவில்லை. அதிபர் ஓய்வில் போனார், அந்தக் கதிரையும் வெறுமையாகவே கிடந்தது. ஒரு மாஸ்டரோடு பள்ளிக்கூடம் ஓடுவதைப் பார்த்த பெற்றோர், வசதி உள்ளவர்கள், பிள்ளையைக் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். 31, 22 ஆகி, 14 ஆகி, 9 ஆனது. பிறகு 9 என்ற எண்ணைக் காட்டி மூடினீர்கள்.

அந்த ஒன்பது பேர் இப்போது எங்கே? நாலு பேர் என் விறாந்தையில். இரண்டு பேரின் குடும்பம் ரவுணில் வாடகை வீடு எடுத்து ஊரை விட்டே போய்விட்டது. ஒருவன் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவோடு. ஒருத்தியைத் தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் வருகிறார், அதனால் அவர் ஒரு நேர வேலைக்குத்தான் போகிறார். ஒருவன் மாடு மேய்க்கிறான். பத்து வயது. அவன் வீட்டுக்கும் உங்கள் படிவம் போயிருக்கும், அவனுடைய தாய்க்கு அதை வாசிக்கத் தெரியாது.

நான் பள்ளிக்கூடம் படித்த விதத்தையும் சொல்லவேண்டும். 2008 கடைசியில் யுத்தத்தால் நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது எங்கள் பாடசாலையும் எங்களோடு இடம்பெயர்ந்தது. மரத்துக்குக் கீழே, தறப்பாளுக்குக் கீழே, சில இடத்தில் ஒரு கிழமை, சில இடத்தில் இரண்டு நாள். எங்கள் ரீச்சர் வரவு இடாப்பைச் சேலைத்துணியால் சுற்றித் தன் உடுப்புப் பைக்குள் வைத்திருந்தா. இடம் மாறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பெயர் கூப்பிடுவா. பதில் வராத பெயர்களும் இருந்தன. 2009 ஆகஸ்டில் மெனிக் பாம் அகதி முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதினேன். 2010இல் மீளக்குடியமர வந்தபோது இந்த ஊரில் பாடசாலைக்குக் கூரை இல்லை, இரண்டு சுவர்தான் நின்றது. அதற்கு மேல் தறப்பாளைக் கட்டிப் பிள்ளைகளை இருத்தினோம். காடாகக் கிடந்த வளவைச் சிரமதானம் செய்து வெளியாக்கியது ஊர்ச்சனம். இப்போது ஓடு போட்ட மண்டபம் இருக்கிறது, கிணறு இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பூட்டும் இருக்கிறது.

மணி மட்டும் பூட்டுக்கு வெளியே. வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு அது. ஒரு நாள் பத்து மணிக்கு ஊரெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. சனம் படலைக்கு வந்து எட்டிப் பார்த்தது, புது ரீச்சர் வந்துவிட்டா என்று ஒரு கிழவி எனக்குச் சொல்ல ஓடிவந்தா. போய்ப் பார்த்தால் என் கடைக்குட்டி, ஒரு கல்லால் தட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் இந்த ஆண்டுதான் தரம் 1. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை. பஸ் ஓடிய அந்தப் பதினொரு நாளும் அவனுக்கு அம்மை. அவனுக்கு எழுத்துத் தெரியும், எண் தெரியும். வரிசையில் நிற்கத் தெரியாது. தன் வயதுப் பிள்ளை ஒன்றோடு ஒரு பென்சிலைப் பங்குபோடத் தெரியாது. அறியாத ஒரு பெரிய மனிசர் பெயர் கேட்டால் என் சட்டைக்குப் பின்னால் ஒளிக்கிறான். இதை நான் வீட்டில் வைத்து எப்படிப் படிப்பிப்பது?

பாடசாலையோடு போனவை வேறும் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு போனது. அந்த ஒன்பது பேரில் மூன்று பேருக்காவது அதுதான் நாளின் முதற் சாப்பாடு. பல்லும் கண்ணும் பார்க்க வருகிற சுகாதாரப் பகுதியினர் வருவதில்லை. வாணி விழா இல்லை, விளையாட்டுப் போட்டி இல்லை. இலவசப் பாடநூலை எடுக்க நான் ஏழு கிலோமீற்றர் சைக்கிளில் போய், "பிள்ளையைக் கொண்டுவாருங்கோ, புத்தகம் தாறம்" என்று திருப்பி அனுப்பப்பட்டேன். அடுத்த தரம் மூத்தவனை அனுப்பி, அவனுடைய வகுப்பு ரீச்சர் இரக்கப்பட்டுத் தந்ததால் புத்தகம் கிடைத்தது.

சட்டத்தில் எனக்குக் கோபமில்லை. 1998இலிருந்து 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம், 2016இல் அதை 16 ஆக்கினார்கள். நல்ல சட்டம். மாடு மேய்க்கிற அந்தப் பெடியனுக்காக நானே அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவேன். ஆனால் பிள்ளை பாடசாலைக்குப் போகவேண்டும் என்று தாயைக் கட்டாயப்படுத்துகிற அலுவலகம், பிள்ளை போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு பாடசாலையை வைத்திருக்கும் கடமையை எந்தப் படிவத்தில் எழுதி வைத்திருக்கிறது? அதற்குக் காரணம் கேட்டு உங்களுக்குப் படிவம் அனுப்புகிறவர் யார்?

இனி நான் கேட்பவை.

முதலாவது, எங்கள் பாடசாலையைத் தரம் 1 முதல் 5 வரை திரும்பத் திறக்கவேண்டும். நாலு ஆசிரியரை நான் கேட்கவில்லை. பல்தர வகுப்பு நடத்தத் தெரிந்த இரண்டு பேர் போதும். பாடசாலை திறந்திருந்தால் இந்த ஆண்டு தரம் 1க்கு என் மகனோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் சேருவார்கள், அடுத்த ஆண்டுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பெற்றோரின் கையெழுத்தோடு தனியாக அனுப்பியிருக்கிறேன். முழுப் பாடசாலையாகத் திறப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றால், அது வரும்வரை வீதிக்கரைப் பாடசாலையின் கிளை வகுப்பாகவாவது எங்கள் கட்டடத்தில் நடத்துங்கள். தரம் 1, 2, 3 பிள்ளைகள் மட்டுமாவது காட்டு வீதியால் போகாமல் இருக்கட்டும். அந்தப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் இங்கே வந்து போவது, பிள்ளைகள் எல்லோரும் அங்கே போய்வருவதைவிட லேசு. தங்குவதற்கு வீடு நாங்கள் தருகிறோம், வாடகை வேண்டாம்.

இரண்டாவது பஸ். சிசு செரிய சேவை பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. உரிய இடத்துக்கு உங்கள் கையெழுத்தோடு எழுதி, புறப்படுகிற நேரமும், வராத நாளில் யாரைக் கேட்பது என்பதும் எழுத்தில் எங்களுக்குத் தரவேண்டும். வாய்ச்சொல் வேண்டாம்.

மகளின் புலமைப்பரிசில் பரீட்சை மூன்றாவது. விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகவேண்டும். வரவு குறைவு என்று சொல்லி அவளையோ, இதே நிலையில் உள்ள வேறு பிள்ளையையோ பரீட்சைக்கு விடாமல் இருக்கக்கூடாது என்று அதிபருக்கு நீங்கள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பரீட்சை நாளில் நிலையத்துக்குப் போய்வர வாகன ஒழுங்கும் உங்கள் பொறுப்பு.

பாடசாலை திறக்கும்வரை, இரண்டு கிழமைக்கு ஒரு தரம் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர் ஒருவரை ஊருக்கு அனுப்புங்கள். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். என் பிழைகளையும் சொல்லட்டும், எனக்கு வெட்கமில்லை. தவணைப் பரீட்சைத் தாள்களையும் மத்தியான உணவுக்கான உலர் உணவையும் அவரோடு கொடுத்துவிடலாம். ஆங்கிலத்துக்கு மட்டும் கிழமையில் ஒரு நாளாவது ஒருவர் வந்தால் மிகப் பெரிய உதவி.

கடைசியாக அந்தப் படிவம். இந்தப் பிள்ளைகளை "இடைவிலகியோர்" என்று உங்கள் பதிவில் எழுதவேண்டாம். காரணம் என்ற கட்டத்தில் "பாடசாலை மூடப்பட்டது" என்று எழுதுங்கள். நானும் இரண்டு வரியில் அதைத்தான் எழுதி, படிவத்தை நிரப்பிக் கிராம அலுவலரிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் தந்த 14 நாளில் ஏழு நாள் முடிந்தது. உங்களிடமிருந்தும் அதே 14 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

நேரில் வருவதென்றால் மத்தியானத்தில் ஜீப்பில் வராதீர்கள். வேலை நாளில், விடிய ஆறு மணிக்கு, ஏ9 வீதியில் இறங்கி, மூத்தவனும் அவன் சினேகிதர்களும் வருகிற அந்த ஏழு கிலோமீற்றரையும் சைக்கிளில் வாருங்கள். சைக்கிள் இல்லையென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மூத்தவனுடையதைத் தந்துவிடுகிறேன். பாடசாலைப் பூட்டின் திறப்பு கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம் இருக்கிறது. போன கிழமையும் பூட்டுக்கு எண்ணெய் விட்டோம்.

இப்படிக்கு,
மூடிய பாடசாலையின் பழைய மாணவி,
நாலு பிள்ளைகளின் தாய்